ட்வென்டே பல்கலைக்கழகத்தின் இணைய வானொலிப் பெட்டி: உரிமமில்லா நிலையங்களைத் தேடும் நேயர் ஒருவரின் மதிப்புரை

நெதர்லாந்தின் கிழக்கு ஓரத்தில், ஜெர்மன் எல்லையை ஒட்டி, என்ஸ்கெடே என்றொரு நகரம் இருக்கிறது. அங்குள்ள ட்வென்டே பல்கலைக்கழகத்தின் ஹாம் வானொலிக் கழகம், அதாவது பொழுதுபோக்காக உரிமம் பெற்று வானொலித் தொடர்பில் ஈடுபடுவோரின் கழகம், தன் வளாகத்தில் பொருத்தியுள்ள ஒரு வானொலிப் பெட்டியை உலகத்தார் அனைவரும் இணையம் வழியாகத் திருப்பிக் கேட்கும்படி திறந்து வைத்திருக்கிறது. மென்பொருளால் இயங்கும் இந்த இணைய வானொலிக்கு வெப்எஸ்டிஆர் என்று பெயர். கட்டணம் கிடையாது, பதிவு செய்ய வேண்டியதில்லை, செயலி எதையும் நிறுவ வேண்டியதில்லை. பூஜ்யத்தில் தொடங்கி 29.16 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது நீளலை, மத்திய அலை, சிற்றலை மூன்றும் அடங்கிய முழுப் பரப்பில் எந்த இடத்தையும் நாமே தேர்ந்து கேட்கலாம். நான்கு ஆண்டுகளாக இதைப் பயன்படுத்தி வருகிறேன். ஹாம் நண்பர்கள் இதைப் பலவிதமாகப் பயன்படுத்துகிறார்கள். நான் இங்கே எழுதுவது ஒரே ஒரு பயனைப் பற்றி. ஐரோப்பாவின் உரிமமில்லா வானொலி நிலையங்களைக் கேட்பதற்கு இந்தச் சேவை எவ்வளவு தூரம் உதவும் என்பதே என் கேள்வி.

இப்படி ஒரு சேவை எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் சிற்றலை கேட்டு வளர்ந்தவன் நான். பி.பி.சி. தமிழோசை, வத்திக்கான் வானொலி, வெரித்தாஸ் ஆகியவை எங்கள் வீட்டுச் சாயங்காலங்கள். தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் இறுதியோடு நின்றுபோனது. நிலையங்கள் ஒருபுறம் குறைய, வீட்டுக்குள் இரைச்சல் மறுபுறம் கூடியது. எல்இடி விளக்கும், இன்வெர்ட்டரும், கைப்பேசி மின்னேற்றியும் சேர்ந்து எழுப்பும் கரகரப்பில், 6 மெகாஹெர்ட்ஸ் பக்கம் முள்ளை நகர்த்தினால் வலுவான சீன நிலையங்களைத் தவிர வேறெதுவும் காதில் விழாத நிலை வந்துவிட்டது. இணையக் கடை ஒன்றில் விலை கூடிய கையடக்க வானொலி ஒன்றை வாங்கிப் பார்த்தேன். பெட்டி நல்ல பெட்டிதான். ஆனால் இரைச்சலுக்குள் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெட்டியும் இரைச்சலைத்தான் தரும். மேலும் ஐரோப்பிய உரிமமில்லா நிலையங்களில் பெரும்பாலானவை சில பத்து வாட் முதல் சில நூறு வாட் வரையிலான ஆற்றலில் இயங்குபவை. எங்கள் தூத்துக்குடி வானொலி நிலையம் 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் ஆற்றலோடு ஒலிபரப்புவதை நினைத்துப் பார்த்தால் அந்த எண்களின் சிறுமை புரியும். அவர்களின் மத்திய அலை ஒலிபரப்பு தமிழ்நாடு வந்து சேரும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. அவர்களைக் கேட்க வேண்டுமானால் அவர்கள் ஊரில் ஒரு காது வேண்டும். என்ஸ்கெடேயில் அந்தக் காது இருக்கிறது.

இதை உருவாக்கியவர் அப்பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர்-ட்யர்க் டி பூர். ட்விங்கெலோ என்ற ஊரில் உள்ள 25 மீட்டர் விட்டமுடைய பழைய ரேடியோ தொலைநோக்கியை, நிலவில் பட்டுத் திரும்பும் ஹாம் சமிக்ஞைகளைக் கேட்பதற்காகப் பலருக்கும் திறந்துவிட வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து பிறந்தது இந்த மென்பொருள். 2008இல் முதல் பெட்டி இணையத்துக்கு வந்தது. இடையில் நின்றுபோய், 2012 ஜூலையில் இன்றைய முழு அகல வடிவில் மீண்டும் வந்தது. ஆண்டெனா ஒரு மினி-விப். ரோலோஃப் பாக்கர் என்ற டச்சு ஹாம் அன்பர் வடிவமைத்த, கையில் அடங்கிவிடும் அளவுள்ள ஒரு சிறு தகடும் அதனோடு ஒட்டிய பெருக்கியும், அவ்வளவே. தோட்டத்தில் நீளக் கம்பி கட்டி, அதுவும் போதாமல் மாமரத்திலிருந்து மொட்டைமாடிக்கு இன்னொரு கம்பி இழுத்த எனக்கு, இந்த அளவைப் படித்ததும் நம்புவதற்குச் சிறிது நேரம் பிடித்தது. ஆண்டெனாவின் நீளத்தைவிட அது நிற்கும் இடத்தின் அமைதியே பெரிது என்பதை இந்தப் பெட்டி எனக்குக் கற்றுக் கொடுத்தது.

பக்கத்தைத் திறந்தவுடன் கண்ணில் படுவது அருவி. அப்படித்தான் அதை அழைக்கிறார்கள், அந்தப் பெயர் பொருத்தமானதும்கூட. இடமிருந்து வலமாக அதிர்வெண், மேலிருந்து கீழாகக் காலம். ஒலிபரப்பு இருக்கும் இடங்களெல்லாம் ஒளிக்கோடுகளாக வழிந்துகொண்டே இருக்கும். மத்திய அலையை எடுத்துக்கொண்டால், ஐரோப்பாவின் உரிமம் பெற்ற நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், நாற்று நட்டதுபோல் வரிசை தப்பாமல் நிற்கும். அந்த வரிசை 1602 கிலோஹெர்ட்ஸ் அளவில் முடிகிறது. அதற்கு வலப்புறம் 1611 முதல் 1700 வரை சட்டப்படி எந்த வரிசையும் இல்லாத தரிசு நிலம். நாம் தேடுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். சாதாரண வானொலிப் பெட்டிகளின் முள் பெரும்பாலும் 1602ஐத் தாண்டியும் சிறிது தூரம் நகரும் என்பதால், பக்கத்து ஊர்க்காரர் தன் பழைய பெட்டியிலேயே அவர்களைக் கேட்டுவிடலாம். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததன் காரணமும் அதுவே.

என்ஸ்கெடே இருக்கும் இடத்தின் சிறப்பை இங்கே சொல்லியாக வேண்டும். ட்வென்டே என்பது பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமன்று. ஓவரைசல் மாகாணத்தின் கிழக்குப் பகுதி முழுவதற்கும் அதுவே பெயர். அந்த ட்வென்டேயும், அதற்குத் தெற்கே உள்ள ஆக்டர்ஹூக்கும், வடக்கே உள்ள ட்ரெந்தேயும்தான் டச்சு உரிமமில்லா வானொலியின் தாய்நிலம். பண்ணை வீட்டுக் கொட்டகையில் வால்வு ஒலிபரப்பி, பின்புறத்தில் வானளாவிய கம்பம், மாலையானால் அக்கார்டியன் இசை என்று தலைமுறை தலைமுறையாக இதை நடத்தி வருகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். உலகில் எத்தனையோ இடங்களில் இத்தகைய பெட்டியை வைத்திருக்கலாம். இது அந்த நிலத்தின் நடுவிலேயே வந்து அமைந்திருப்பதால், ட்வென்டே பெட்டிக்கு நிகராக இந்தப் பயனுக்கு வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரு குளிர்கால சனிக்கிழமை இரவை விரிவாகச் சொல்கிறேன். அங்கே மாலை எட்டு மணி என்றால் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. கணினியில் 1600 முதல் 1700 வரையிலான பகுதியை மட்டும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். 1640 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மெல்லிய கோடு தோன்றியது. நேராக இறங்க வேண்டிய கோடு அது. இதுவோ வலமிருந்து இடமாகச் சாய்ந்து, போகப் போகச் சாய்வு குறைந்து, ஏழெட்டு நிமிடங்களில் செங்குத்தாக நின்றது. வால்வு ஒலிபரப்பியின் உறுப்புகள் சூடேறும்போது அதிர்வெண் மெல்ல நகரும் என்று படித்திருக்கிறேன். ஆனால் எங்கோ ஒரு கொட்டகையில் ஒருவர் பொத்தானைத் தட்டிவிட்டு, வால்வுகள் சிவந்து சூடேறும்வரை காத்திருப்பதை, ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து ஒரு சாய்கோடாகக் கண்ணால் கண்டது அன்றுதான். நிமிடங்கள் கடந்தன, கோட்டில் ஒலி எதுவும் இல்லை. ஒலியைச் சுமந்து செல்லும் அடிப்படை அலையான ஊர்தியலையை மட்டும் வெறுமையாக விட்டு, வேறு யாராவது அந்த இடத்தில் இருக்கிறார்களா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒலி ஏறியதன் அடையாளமாக, கோட்டின் இருபுறமும் இறகு முளைத்ததுபோல் பக்கப்பட்டைகள் விரிந்தன. போல்கா தாளத்தில் ஓர் அக்கார்டியன் பாட்டு. பாட்டு முடிந்ததும் அவர் குரல் வந்தது, கிணற்றுக்குள் நின்று பேசுவதுபோல் எதிரொலி ஏற்றிய குரல். அந்த எதிரொலி அங்கே ஒரு மரபு. எதிரொலி இல்லாத டச்சு உரிமமில்லா அறிவிப்பாளரை நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன்.

அவர் பேசியது டச்சா, அந்த வட்டாரத்துக் கீழ்ச் சாக்சன் வழக்கா என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு அறிவில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்பது புரிந்தது. அவர் பேசி நிறுத்திவிட்டு ஒலிபரப்பியை அணைத்தார். உடனே அதே இடத்தில், ஆனால் சரியாக அதே இடத்தில் அல்லாமல் ஓரிரண்டு நூறு ஹெர்ட்ஸ் தள்ளி, இன்னொரு கோடு எழுந்தது. அவரும் ஒரு பாட்டைப் போட்டார், பிறகு எண்களாகச் சில சொன்னார். முதலாமவரின் ஒலி தன்னிடம் எவ்வளவு வலுவாக வந்தது என்ற அறிக்கை அது. நேயர்களுக்கு என்று நிகழ்ச்சி நடத்துவதைவிட, பாட்டை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு ஊர்க்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொள்வதற்கே அது நெருங்கியிருந்தது. பேச்சின் நடுவே ட்வென்டே என்ற சொல் காதில் விழுந்தது. பிறகுதான் தெரிந்துகொண்டேன்: அந்த ஒலிபரப்பாளர்களே தங்கள் ஒலி எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை அறிய இந்தப் பெட்டியைத்தான் திறந்து பார்க்கிறார்கள். அவர்களுக்கு இது முகம் பார்க்கும் கண்ணாடி. அருவியின் கீழே, அந்த நேரத்தில் பெட்டியைப் பயன்படுத்துவோர் எந்த இடத்தைக் கேட்கிறார்கள் என்பது சிறு வண்ணக் குறிகளாகத் தெரியும். அந்தக் கோட்டுக்கு நேர் கீழே அன்று பத்துப் பன்னிரண்டு குறிகள் குவிந்திருந்தன. அவற்றுள் ஒன்று நான்.

உரிமமின்றி ஒலிபரப்பும் வழக்கத்தின் வரலாற்றை அறிந்து கேட்டால் இந்தச் சேவையின் மதிப்பு இன்னும் கூடும். ஐரோப்பாவில் அது கடலில் தொடங்கியது. 1958இல் டென்மார்க் கடற்பகுதியில் ரேடியோ மெர்க்கூர், 1960இல் நெதர்லாந்துக் கடற்கரைக்கு எதிரே ரேடியோ வெரோனிகா, 1964 ஈஸ்டர் வாரத்தில் இங்கிலாந்தின் ஃபீலிக்ஸ்டோவுக்கு அப்பால் ரேடியோ கரோலைன். நாட்டின் கடல் எல்லைக்கு வெளியே கப்பல் நங்கூரம் பாய்ச்சி நின்றால் அந்நாட்டுச் சட்டம் அதன்மேல் பாயாது என்ற ஓட்டையே இவற்றின் அடிப்படை. அரசு வானொலி நாள் முழுக்க மக்கள் விரும்பும் பாட்டைத் தராதபோது, பாட்டு கடலிலிருந்து வந்தது. 1967 ஆகஸ்ட் நடுவில் பிரிட்டனில் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாத இறுதியிலேயே பி.பி.சி. ரேடியோ 1 தொடங்கியது, கப்பலில் பேசியவர்களையே அறிவிப்பாளர்களாக அமர்த்திக்கொண்டு. நெதர்லாந்தில் 1974 ஆகஸ்ட் 31 அன்று வெரோனிகா கப்பலிலிருந்து ஒலிபரப்புவதை நிறுத்தியது. கப்பல்கள் போயின, கிழக்குப் பண்ணைகளின் நில நிலையங்களோ சாயவில்லை.

தமிழ் நேயருக்கு இந்தக் கதை அந்நியமானதன்று. 1952இல் அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரையிசையை ஒதுக்கி வைத்தபோது, நம் வீட்டுப் பெரியவர்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி வந்ததற்கு அந்த முள் திருப்பலும் ஒரு காரணம். இலங்கை வானொலி உரிமம் பெற்ற அரசு நிலையம், கப்பலில் ஒளிந்து நின்ற நிலையமல்ல. ஆனாலும் நேயரின் மனநிலை ஒன்றுதான். என் தாத்தா இருந்திருந்தால் கரோலைனின் கதையை ஒரே வரியில் புரிந்துகொண்டிருப்பார்.

அந்தக் கரோலைனையும் இதே பெட்டியில் தேடலாம். பல ஆண்டுகள் உரிமமின்றியும், கப்பல் மூழ்கியும், மீண்டும் எழுந்தும் நடந்த அந்நிலையம், 2017 இறுதியில் உரிமம் பெற்று 648 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கியது. ஒரு காலத்தில் பி.பி.சி. உலக சேவை ஐரோப்பாவுக்காகப் பயன்படுத்திய அதே 648, அதே ஆர்ஃபர்ட் நெஸ் கடற்கரை. அந்தப் பெயரை மத்திய அலையின் சிறு இரைச்சலோடு கேட்பதற்கும், அவர்களின் இணைய ஒலியோட்டத்தில் துல்லியமாகக் கேட்பதற்கும் நடுவே எனக்குப் பெரிய வேறுபாடு தெரிகிறது. வானலையில் வரும்போது அது ஓர் இடத்திலிருந்து வருகிறது.

இனி ஞாயிறு பகல். ஐரோப்பிய நேரம் காலை பத்து மணி, நமக்குக் கோடையில் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. சாப்பாட்டுக்குப் பின் உட்கார வசதியான வேளை. 6200 முதல் 6400 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை 48 மீட்டர் அலைவரிசை என்பார்கள். சிற்றலை உரிமமில்லா நிலையங்கள் கூடும் சந்தை அதுதான். மத்திய அலைக்காரர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு நிறைய. இவர்கள் ஆங்கிலமும் பேசுவார்கள், அறுபதுகள் எழுபதுகளின் ராக் இசையை விரும்பிப் போடுவார்கள், மின்னஞ்சல் முகவரி சொல்வார்கள், நேயர் அறிக்கைக்காக ஏங்குவார்கள். சரியான அறிக்கை அனுப்பினால், கேட்டதை உறுதிசெய்யும் க்யூஎஸ்எல் அட்டை அனுப்புகிறவர்கள் பலர். இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலில் படமாக வருகிறது.

இந்த அறிக்கை விஷயத்தில் ஒரு நெறியைப் புதியவர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ட்வென்டே பெட்டியில் கேட்டுவிட்டு, தமிழ்நாட்டில் கேட்டதாக எழுதினால் அது பொய். சில வாட் ஆற்றலில் இயங்கும் ஒருவர், தன் ஒலி இந்தியாவை எட்டிவிட்டது என்று நம்பி மகிழ்ந்து, பிறகு உண்மை தெரிந்தால் அவர் மனம் என்னாகும்? ஒலி வந்து சேர்ந்த தரத்தைக் குறிக்கும் சைன்போ எண்களை எழுதும்போது, ஏற்பி என்ஸ்கெடேயில் உள்ளது, நான் திருநெல்வேலியில் இருக்கிறேன் என்று இரண்டையும் முதல் வரியிலேயே எழுதிவிடுவேன். அப்படி எழுதிய என் முதல் அறிக்கையை ஒரு நிலையத்தார் அடுத்த ஞாயிறு வாசித்தார். திருநெல்வேலி என்ற பெயரை மூன்று முறை முயன்று, மூன்றாவது முறை ஓரளவு சரியாகவே சொல்லி, இங்கிருந்து யாரும் தனக்கு எழுதியதில்லை என்று கூறி ஒரு பாட்டை எனக்காகப் போட்டார். அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே பதிவுப் பொத்தான் இருக்கிறது. நிறுத்தியவுடன் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அறிக்கையோடு அந்தக் கோப்பை இணைத்து அனுப்பினால் அவர்கள் பெரிதும் மகிழ்வார்கள்.

இயக்குவதற்குக் கடினமில்லை. எண்ணை நேராகத் தட்டச்சு செய்து இடத்துக்குப் போகலாம், அருவியை இழுத்தும் போகலாம். அளவுகோலின் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு வடிவம் தெரியும். நாம் கேட்கும் அகலம் அது. அதன் ஓரங்களைச் சுட்டியால் பிடித்து இழுத்தால் அகலம் கூடும், குறையும். பக்கத்தில் வேறொரு வலுவான நிலையம் சீட்டியடித்தால், அந்தப் பக்கத்து ஓரத்தை மட்டும் உள்ளே தள்ளிவிட்டால் போதும். ஒலி அலைபாய்ந்து கரகரத்தால் சாதாரண ஏஎம் முறையை விட்டு ஒத்திசைவு ஏஎம் முறைக்கு மாறிப் பாருங்கள். பேச்சு தெளிவதை உடனே உணரலாம். இந்த வசதிகள் என் கையடக்கப் பெட்டியில் பாதிதான் உண்டு. கைப்பேசியிலும் பக்கம் திறக்கும், ஒலியைத் தொடங்க ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ஆனால் சிறு திரையில் அருவியைப் படிப்பது சிரமம். கணினியே நல்லது. மேலே பெயர் எழுதும் இடத்தில் ஏதாவது ஒரு பெயரை இட்டு வையுங்கள். விருந்தினராகப் போகிற இடத்தில் பெயர் சொல்வது மரியாதை.

குறைகள் என்று சொல்வதைவிட எல்லைகள் என்று சொல்வதே சரி. முதலாவது, 29 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இது கேட்காது. ஆகவே பண்பலையில் இயங்கும் உரிமமில்லா நிலையங்கள் எவையும் இதில் கிடையா. லண்டன் அடுக்குமாடிகளின் உச்சியில் ஆண்டெனா நட்டு வளர்ந்த மரபு முழுவதும் பண்பலைக்குரியது. 1994இல் உரிமமின்றித் தொடங்கி 2010இல் உரிமம் பெற்ற ரின்ஸ் எஃப்எம் போன்றவற்றின் பின்னால் இருக்கும் உலகத்தை இந்தப் பெட்டியால் அறிய முடியாது. இரண்டாவது, மினி-விப் எல்லாத் திசையிலிருந்தும் வருவதை ஒன்றாகவே வாங்கும். ஒரு நிலையத்தை விலக்கி மற்றொன்றைப் பெற, வீட்டுப் பெட்டியைத் திருப்பி வைப்பதுபோல் இதைத் திருப்ப வழியில்லை. 1620, 1630 பக்கம் கிரேக்க உரிமமில்லா நிலையங்களும் செர்பிய நிலையங்களும் டச்சுக்காரர்களோடு ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும் இரவுகளில் இந்த எல்லை நன்றாகத் தெரியும். மூன்றாவது, ஒலி இணையம் வழியாகச் சுருக்கப்பட்டு, சிறிது தாமதித்து வருகிறது. இசையின் நுட்பத்துக்காகக் கேட்பவருக்கு இது போதாது. ஆனால் இசையின் நுட்பத்துக்காக யாரும் 1640 கிலோஹெர்ட்ஸுக்குப் போவதில்லை.

இதற்கு மாற்றாகச் சொல்லத்தக்கது கிவிஎஸ்டிஆர் பெட்டிகளின் உலக வலை. தன்னார்வலர்கள் வீடுகளில் வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான சிறு பெட்டிகள் அவை. அயர்லாந்தில் ஒன்று, இத்தாலியில் ஒன்று என்று இடம் மாற்றி மாற்றிக் கேட்கலாம் என்பது அதன் பெரும் பலம். ஆனால் ஒரு பெட்டியில் ஒரே நேரத்தில் நான்கு அல்லது எட்டுப் பேர்தான் நுழைய முடியும். ஞாயிற்றுக்கிழமை நல்ல பெட்டிகள் நிரம்பிவிடும். ட்வென்டேயில் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாகக் கேட்கிறார்கள். கிவி வலையில் இன்னொரு வசதியும் உண்டு: பல பெட்டிகளில் ஒரே ஒலி வந்து சேரும் நேர வேறுபாட்டைக் கணக்கிட்டு, ஒலிபரப்பி எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை வரைபடத்தில் மதிப்பிட்டுக் காட்டும். ஆர்வத்துக்குச் செய்து பார்க்கலாம். ஆனால் ஒருவரின் இருப்பிடத்தைக் கண்டுபிடித்துப் பொதுவில் எழுதுவது நேயரின் வேலையன்று என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டத்தைப் பற்றியும் தெளிவாக இருக்க வேண்டும். நெதர்லாந்தில் வானலைகளைக் கண்காணிக்கும் அரசு முகமை 2023 முதல் டிஜிட்டல் உள்கட்டமைப்பு ஆய்வுத்துறை என்ற புதிய பெயரில் இயங்குகிறது. ஒலிபரப்பியைக் கண்டால் அபராதம் விதிக்கிறது. அமெரிக்காவில் 2020 ஜனவரியில் வந்த சட்டம் நாளொன்றுக்கு ஒரு லட்சம் டாலர் வரையும், மொத்தமாக இருபது லட்சம் டாலர் வரையும் அபராதத்தை உயர்த்தியது. அவ்வளவு கடுமைக்குக் காரணம் இல்லாமலில்லை. பண்பலைக்கு அடுத்தே விமானப் போக்குவரத்துக்கான அலைவரிசை தொடங்குகிறது. ஒழுங்காக வடிகட்டப்படாத ஒலிபரப்பி ஒன்று விமானியின் காதில் பாட்டாக விழுந்தால் அது விளையாட்டன்று. இந்தியாவிலும் உரிமமின்றி ஒலிபரப்புவது குற்றம். நான் இவர்களை விரும்பிக் கேட்கிறேன். என் ஊரில் ஒருவர் இதைச் செய்ய ஆலோசனை கேட்டால் சமுதாய வானொலிக்கு உரிமம் பெறும் வழியைத்தான் காட்டுவேன். நெதர்லாந்திலேயே இப்போது மத்திய அலையில் 100 வாட் வரை குறைந்த ஆற்றல் உரிமம் வழங்கப்படுகிறது. நேற்றுவரை ஒளிந்து ஒலித்த சிலர் இன்று அந்த உரிமத்தோடு வெளிச்சத்தில் ஒலிக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் மத்திய அலையைக் கைவிட்டுப் போன நாடுகளில், அந்த அலையைக் காலியாக விடாமல் காப்பவர்களாக இந்தச் சிறியவர்கள்தான் மிஞ்சியிருக்கிறார்கள் என்பதை நினைக்கையில் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

மதிப்பெண் என்று கேட்டால், இந்த ஒரு பயனுக்கு நான் ஐந்துக்கு ஐந்து தருவேன். இலவசமாகக் கிடைப்பதற்காக அன்று. பணம் கொடுத்தாலும் இதைவிட நல்ல இடத்தில் ஒரு பெட்டியை நான் நட்டிருக்க முடியாது என்பதற்காக. ஆனால் இது கிடைத்ததும் வீட்டு வானொலியை மூலையில் போட்டுவிட வேண்டாம். எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, மின்வெட்டு நேரத்தில் மொட்டைமாடிக்குச் சொந்தப் பெட்டியோடு போய் உட்காருங்கள். நம் காதில் நேராக விழும் ஒலிக்கு ஈடில்லை. ட்வென்டேயில் கேட்டுப் பழகிய பின்புதான், மங்கலான ஒலியை அடையாளம் காணும் திறன் என் சொந்தப் பெட்டியிலும் எனக்குக் கூடியது.

முதன்முறை போகிறவர்கள் மத்திய அலையில் தொடங்காதீர்கள்; மொழி தெரியாத பேச்சும் மோதல்களும் மிரட்டிவிடும். ஒரு ஞாயிறு மதியம் 6200 முதல் 6400 வரை அருவியைப் பெரிதாக்கி, பிரகாசமான கோடு ஒன்றைத் தேர்ந்து, ஏஎம் முறையில் வைத்து, ஒரு மணி நேரம் நகராமல் கேளுங்கள். நிலையத்தின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் எப்படியும் வரும். பாட்டுகளின் பெயரை நேரத்தோடு குறித்து, ஏற்பி இருக்கும் ஊரையும் உங்கள் ஊரையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். ஒலிபரப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அனுப்பினால், அடுத்த பாட்டு முடிந்ததும் உங்கள் ஊர்ப் பெயரை அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்குவதைக் கேட்கக்கூடும்.